சக்கர் என்றால் சர்க்கரை இல்லை

சேசு மரி சூசை
பம்பாய், ஆகஸ்டு 1957

மரியாதைக்குரிய அப்பாவுக்கு அடைக்கலமேரி வணங்கி எழுதுவது. ஆவூரில் அம்மாவும் நீங்களும் சுகமா? இருமல் நின்றதா? நான் சுகமே.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மராத்திக்காரம்மா "சக்கர், சக்கர்" என்றார். தலை சுற்றுகிறது என்று அர்த்தம். புதிதாக வந்த இலுப்பூர் நர்ஸ் பிரகதாம்பாள் சர்க்கரை எடுக்க ஓடிவிட்டாள். அதற்குள் அந்தம்மா விழுந்துவிட்டார். பெரிய அடியில்லை, பயப்படாதீர்கள். "சக்கரை கேக்குறாங்கன்னு நெனச்சேங்க்கா" என்று பிரகதாம்பாள் அழுதாள்.

நான் வந்தது முதல் சேர்த்த மராத்திச் சொற்களை அன்றே தமிழில் அர்த்தத்தோடு எழுதி, நர்சுகள் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டினேன். மூத்த நர்ஸ், மதுரைக்காரர், "தப்பும் தவறுமா இருக்கு, இதால யாருக்குப் பிரயோசனம்?" என்று கிழித்துப் போட்டார். மறுநாளே மறுபடி எழுதி ஒட்டினேன். அதில் யாரோ பென்சிலால் பிழைகளைத் திருத்தி, எனக்குத் தெரியாத சொற்களையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் என் தப்பு தப்பாகவே இருந்திருக்கும். "ஒனக்கு எதுக்கு வம்பு" என்பீர்கள். அந்த மூத்த நர்ஸ் எத்தனை முறை கிழித்தாலும் ஒட்டுவேன், அப்பா.

மோர்மிளகாய் அனுப்புங்கள். பதில் கடிதத்தில் வீட்டிலுள்ள எல்லோரையும் ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத அம்மா ஒரு சிலுவையாவது போடட்டும். டூட்டிக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
அடைக்கலமேரி