ஒருமனதாக என்று நான் எழுதியது

இண்டூர்
27.10.2023, வெள்ளி

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், புனேயில் நீயும் பிளசியும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று விளக்கேற்றும்போதும் கேட்டுக்கொண்டேன். கீழ்க்காட்டில் ராகி கதிர் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தடவச் சொன்னால் நாற்றமடிக்கிறது என்கிறார். பிளசிக்கு ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டதா, கனமாக எதையும் தூக்க விடாதே. நீ கையெழுத்துப் போட்டால் செல்லாது என்று அவள் அண்ணன் ரயிலேறி வரும்வரை ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தாயே.

தீர்ப்பு வந்த அன்று நீ போனில் அழுதுகொண்டே சொன்னது காதிலேயே நிற்கிறது. உங்களைப் போன்றவர்களின் கல்யாணத்துக்குச் சட்டம் பார்லிமெண்டுதான் செய்ய வேண்டும், எங்கள் வேலை இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள் என்றாய். இனி ஓட்டுப் போடுகிறவர்கள் மனசு வைத்தால்தான் உண்டு, “எல்லாரும் உன்னாட்டம் இருந்தா நாங்க கோர்ட்டுக்கே போயிருக்க வேணாம்மா” என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை எழில்.

சித்திரையில் வழக்கு நடந்தபோது தருமபுரியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். இதைக் கோர்ட்டு முடிவு செய்யக் கூடாது, மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மகளிர் குழுக்களிடம் தீர்மானம் வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் போகாமலே எழுதப் பழகியவள் என்று எங்கள் குழு நோட்டு என்னிடம்தானே இருக்கிறது. கை தூக்கச் சொன்னார்கள். தீர்த்தம்மாள் “ரெண்டும் பொண்ணுன்னா மாமியா சண்டையும் ரெண்டு பக்கமுங்களே” என்றாள், எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். காவேரி மட்டும் கை தூக்கவில்லை. “கை தூக்கி முடிவு பண்ணா எப்பவும் நாமதாங்க ஜெயிப்போம், அதுங்க பத்து ஊருக்கு ரெண்டு பேரு. அதுக்குத்தானே கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்குது? நம்ம வூட்டுப் புள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றாள். பிளசியோடுதான் வாழப்போகிறேன் என்று நீ என்னிடம் சொல்லி அப்போதே ஏழு மாதம். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதாகத் தோன்றி, பயத்தில் என் கையை எல்லாரையும்விட உயரத் தூக்கினேன். பன்னிரண்டு பேரும் ஒருமனதாக என்று எழுதினேன். வந்திருக்கிறேன் என்று காவேரி போட்ட கையெழுத்தையே சம்மதம் என்று ஆக்கினேன். கூட்டம் தொடங்கிய நேரத்தைக்கூட நான் தப்பாக எழுதாத நோட்டு அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டே நல்லபடியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அதே மாதம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். பெரியவர்கள் சொல்லிவிட்டால் நான் ஊரில் வாய் திறக்க வேண்டியதில்லை பார். இப்போது கோர்ட்டு ஜனங்களைக் கை காட்டுகிறது, ஜனங்கள் யார் என்று பார்த்தால் அங்கே நான் நிற்கிறேன். கற்பூரம் காட்டப் போனால் கை கூசுகிறது.

நேற்று கூட்டத்தில் ஒருமனதாக என்பதை அடித்துவிட்டு, சம்மதிக்காதவர் காவேரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் கொண்டுபோன தாளை என்னால் திருப்ப முடியாது. “இப்ப எதுக்குக்கா பழச நோண்டறீங்க” என்றாள் தீர்த்தம்மாள். காவேரி பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதத்தான் போனேன். ஏன் என்பார்கள், சொன்னால் உன் சங்கதி வெளியே போகும், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நோட்டை மூடிவிட்டேன். அதுவும் பொய்தான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே என் பெயரை எழுதியிருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. அம்மன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அடுத்த கூட்டம் ஒன்பதாம் தேதி. நான் எழுதிவிட்டேன் என்று போன் செய்யும்வரை பிளசியிடம் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அம்மா
மா. பாஞ்சாலி