அன்வரி பேகத்தின் சிரிப்பு

ஜூலை 9, 2024, செவ்வாய்

லூயிசா இன்றும் சாப்பிடவில்லை. இட்லியை வாயில் வைத்தால் துப்புகிறாள். கொட்டிவாக்கம் முதியோர் இல்லத்தில் சேர்த்ததிலிருந்து என் மனைவிக்கு நான் வெறும் 'சார்'. அதற்குக்கூடப் பழகிவிட்டேன். இவள் பட்டினிக்கு எப்படிப் பழகுவது?

"மறதி முத்திப்போச்சின்னா சாப்பாடும் மறந்துபூடும் சார்" என்றாள் அவளைப் பார்த்துக்கொள்ளும் மதுமதி.

மயிலாப்பூர் திரும்பும்வரை பஸ்ஸில் யாரோடும் சண்டை போடவில்லை. அவ்வளவு சோர்வு.

ஜூலை 11, வியாழன்

எடை இன்னும் குறைந்திருக்கிறது. திங்கள்வரை பார்த்துவிட்டு மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்கிறார் டாக்டர். பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டவேண்டி வருமாம். கையைக் கட்டுறதா? காலமெல்லாம் போர்டுல எழுதின கை அது. மாட்டேன். ஆனா வேற என்ன செய்யப்போறேன்?

ஜூலை 12

கஞ்சி மட்டும் கொஞ்சம் இறங்கியது. இட்லி ஆகாது, கஞ்சி ஆகுமா? ஏன்?

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக இல்லத்துக்குப் போனேன். பக்கத்துக் கட்டில் அன்வரி பேகம் என்னைப் பார்த்துச் சிரித்தார். தூக்கிவாரிப் போட்டது. அது லூயிசாவின் சிரிப்பு.

பல்செட் கட்டியபோது, முன்பற்களுக்கு நடுவே தனக்கிருந்த இடைவெளியை அப்படியே வைக்கச் சொல்லிப் பல் டாக்டரோடு மல்லுக்கு நின்றவள் அவள். "அது இல்லேன்னா கண்ணாடியில வேற யாரோ தெரிவாங்க." அந்த இடைவெளி இப்போது பேகத்தின் வாயில். லூயிசா சிரித்தே நாளாகிறது, நான் எப்படிக் கவனிப்பேன்?

மதுமதியைப் பிடித்தேன். எல்லார் பல்செட்டையும் ஒரே கிண்ணத்தில் ஊறவைத்துக் கழுவுகிறாளாம். "எல்லாம் ஒரே மாறிதானே கீது சார்." கத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவளே லூயிசாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பேகத்தின் சின்ன செட் அழுத்தி, ஈறு முழுக்கப் புண். பேகத்துக்கு எப்போதும் கஞ்சிதான் என்பதால் அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

வலிக்குதுன்னு சொல்ல வார்த்தை வரல, துப்பினா. அதைப் போய் மறதின்னோம்.

ஜூலை 15

குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். புண்ணுக்கு மருந்து, ஆறும்வரை குழைந்த தயிர்சாதம். மதுமதி ஆளுக்கொரு டப்பா வாங்கிப் பெயர் ஒட்டியிருக்கிறாள். அன்வரி பேகம் தன் டப்பாவைக் கையைவிட்டு இறக்கமாட்டேன் என்கிறார்.

ஜூலை 20

தயிர்சாதம், முழுக் கிண்ணம். கர்த்தருக்கு நன்றி.

ஜூலை 28, ஞாயிறு

புண் ஆறியதால் நேற்றிலிருந்து அவளுடைய பல்செட் அவளிடம். நானே வஞ்சிர மீன் குழம்பு வைத்துக்கொண்டு போனேன். ஊட்டப் போனேன், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாதி சாப்பிட்டதும் உப்பு பத்தலை என்றாள். பிறகு என்னைக் காட்டி மதுமதியிடம் சொன்னாள்:

"பாவம், இந்த சாருக்கு வீட்ல யாரும் இல்ல போல. தினம் இங்கதான் வர்றாரு. அவருக்கும் ஒரு தட்டு வைம்மா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்த இடைவெளியோடு.

மதுமதி தட்டு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு பத்தலைதான்.