முதியோர் ஆராதனைக்கு வரமாட்டேன்

போதகர் இல்லம், அனோமாபு
3 ஆகஸ்ட் 1998

கிறிஸ்துவுக்குள் அன்பான அராபா அக்காவுக்கு,

தம்பி க்வாமெனா எழுதுவது. நேற்று என் பிரசங்கத்தின் நடுவே நீங்கள் எழுந்து பாட, பின்னால் இருபது பெண்கள் சேர்ந்துகொண்டது பேராயருக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஆராதனை இருந்த காலத்தில் அது சரி. இப்போது காலை ஆறு மணிக்கு ‘முதியோர் ஆராதனை’ இருக்கிறது. அங்கே நம் ஃபான்டே மொழிப் பாட்டை ஆசைதீரப் பாடலாம். ஒன்பது மணி ‘மகிமை ஆராதனை’ ஆங்கிலமும் கீபோர்டும் கேட்கிறவர்களுக்கு. ஆலய வாசல் பலகையிலும் எழுதியாயிற்று. தயவுசெய்து ஆறு மணிக்கே வாருங்கள்.

உங்கள் தம்பி,
க்வாமெனா

5 ஆகஸ்ட்

தம்பிக்கு,

சுகம். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் போட்டாய், நானும் போடுகிறேன். அந்தப் பலகையை அழிக்கும்வரை உன் வாசற்படி மிதிக்க மாட்டேன்.

எனக்கு நாற்பத்து நாலு வயது. ஆறு மணிக்கு என் புகையடுப்பில் மீன் இருக்கும். இல்லாவிட்டாலும் வரமாட்டேன். கூடப் பாடும் எஃபுவா கேட்டாள்: “அப்போ நாம பாடுறதுல மகிமை இல்லியாமா? போய் அவனையே கேளு.” கேட்டுவிட்டேன்.

உன் முதல் பிரசங்கம் ஞாபகம் இருக்கிறதா? யோனா கடலில் விழுந்ததும் உனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நான் யோனாவையே எடுத்துப் பாடினேன், பெண்கள் பதில் பாடினார்கள், நாலாம் அடியில் உனக்குப் பேச்சு திரும்பிற்று. அன்றைக்கு எந்தப் பேராயர் கைகொடுத்தார்?

அக்கா,
அராபா

10 ஆகஸ்ட்

அன்பான அக்காவுக்கு,

சபைக் குழுவில் மன்றாடி ஒரு வழி வாங்கியிருக்கிறேன். ஒன்பது மணி நிகழ்ச்சித்தாளில், காணிக்கைக்குப் பின், ‘பாரம்பரியப் பாட்டு, மூன்று நிமிடம்’ என்று அச்சடிப்போம். கோபத்தை விடுங்கள்.

க்வாமெனா

11 ஆகஸ்ட்

தம்பிக்கு,

எங்கள் பாட்டு உன் பிரசங்கத்துக்குப் பதில். நீ பேசுவதைக் கேட்ட பிறகுதான் எனக்கே என்ன பாட்டென்று தெரியும். தும்மலுக்கு யாராவது நேரம் குறிப்பார்களா?

ஞாயிறு ஒன்பது மணிக்கே வருவோம். முன்வரிசையில் உட்காருவோம். வாய் திறக்க மாட்டோம்.

அராபா

17 ஆகஸ்ட்

அக்கா,

சொன்னபடியே செய்துவிட்டீர்கள். கெட்ட குமாரன் கதையை எடுத்தேன். வீட்டைவிட்டுப் போன மகன் தூரத்தில் திரும்பி வருகிறான், தகப்பன் அவனைக் காண்கிறான். அந்த இடத்தில் என் பேச்சு நின்றுவிட்டது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். கீபோர்டு ஏதோ வாசித்தது. நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜெபம் சொல்லி இறங்கிவிட்டேன்.

இன்று காலை, குழுவைக் கேட்காமல், பலகையிலிருந்த இரண்டு பெயர்களின் மேலும் நானே பெயிண்ட் அடித்தேன். ஆறு, ஒன்பது என்று மணி மட்டும் இருக்கிறது. பேராயருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஒன்பது மணிக்கு வாருங்கள். நடுவில் எழுந்து பாடுங்கள்.

உங்கள் தம்பி

18 ஆகஸ்ட்

அன்புள்ள க்வாமெனா,

பலகையைப் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் கோணல்மாணலாக இருக்கிறது. பரவாயில்லை.

ஞாயிறன்று நீ நின்றுபோனபோது எனக்குப் பாட்டு தொண்டைவரை வந்துவிட்டது. துணி முனையைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இனி உனக்காகவும் அடக்க மாட்டேன், பேராயருக்காகவும் அடக்க மாட்டேன்.

வரும் ஞாயிறு அதே கதையை எடு. மகனைக் கட்டிக்கொள்ளத் தகப்பன் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, நீ அங்கேதான் நிறுத்தினாய்.

உன் அக்கா,
அராபா