கம்பிப் பந்து மேசையும் நீ கெடுத்த ஆட்டமும்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தவரை மூடியிருந்தேன். அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ போன பிறகும் மூடியிருந்தால் அந்தப் பெயர் பொருந்தாது.

போன வாரம் நம் பழைய தேயிலைத் தோட்டத்து உத்தியோகஸ்தர்களின் ஸ்டாப் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. பெரிய கிளாக்கராக இருந்து மறைந்த உன் நினைவாகப் புதிய கம்பிப் பந்து மேசை ஒன்று வாங்கப் போகிறார்களாம். பழையது உளுத்துவிட்டதாம். மேசையை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி ஆடினால் கை தேறும் என்று, "அன்னாரின் ஜோடியாக ஆடிய தாங்கள்" எழுதித் தர வேண்டுமாம். அதைச் சட்டம் போட்டு, மேசைக்கு மேலே உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்களாம். நீ ஆடிய அழகை நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். இன்று காலை என் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது மணிக்கட்டு தானாக ஒருமுறை திரும்பியது. அவள் பார்த்துவிட்டு, "என்னாங்க, கை சுளுக்கிக்கிச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்தேன்.

அந்த எண்ணெய்தான் நாம் கம்பிகளுக்குப் போட்டது. நினைவிருக்கிறதா? முதலில் நீ தேங்காய் எண்ணெய் போட்டாய். நம் ஊர்க் குளிரில் அது உறைந்து, கம்பிகள் சேற்றில் இழுப்பதுபோல் வந்தன. தையல் மெஷின் எண்ணெய், அதுவும் துணியில் தொட்டுத் துடைத்த அளவு போதும். கிளப் செயலாளர் இதை எழுதிக்கொள்ளட்டும். உன்னிடம் சொல்லும் சாக்கில் அவர்களுக்கும் சொல்கிறேன். உன்னைப் பற்றிப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வராது. உன்னிடம் நேராகப் பேசத்தான் வரும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கிளப்பில் அலுத்துப்போய் நமக்குத் தள்ளிவிட்ட மேசை அது. ஒரு பெட்டி, குறுக்கே எட்டுக் கம்பிகள், கம்பிகளில் கோத்த மரப் பொம்மைகள். கம்பியைத் தள்ளி, இழுத்து, திருகி, ஒரு சிறு பந்தை எதிர்ப்பக்கத்து ஓட்டைக்குள் அடிக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு பேர். ஒருவன் பின்னால் நின்று கோலையும் காவலையும் பார்ப்பான். மற்றவன் முன்னால் நின்று நடு வரிசையையும் அடிக்கிற வரிசையையும் பார்ப்பான். நீ முன்னால், நான் பின்னால். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. முதல் நாளே நீ முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாய், மிச்சம் எனக்கு.

நாம் இரண்டு பேரும் லயத்துப் பிள்ளைகள், கூலியாட்களின் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ஹட்டனில் படித்து, கிளாக்கராகி, குவாட்டர்ஸுக்கு வந்தவர்கள். ஸ்டாப் கிளப்பில் மற்றவர்கள் சீட்டு மேசையில் நமக்கு நாற்காலி நகர்த்திப் போட்டதில்லை. இந்த மேசைக்கு நாற்காலி தேவைப்படவில்லை. அதனால் அது நம்முடையதாயிற்று.

மேசை வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கனத்தை. மூலையைப் பிடித்து உலுக்கினால் உலுக்குகிறவன் அசைய வேண்டும், மேசை அசையக் கூடாது. பந்தை நடுவில் வைத்துக் கையை எடுக்க வேண்டும். அது தானாக ஒரு பக்கம் போனால், கடைத்தரை கோணல் என்பார் கடைக்காரர். மேசையைத் திருப்பிப் போடச் சொல்லி மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். வளைந்த கம்பி பாதி வழியில் முனகும். பொம்மைகளின் கால் நுனி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டையாகத் தேய்ந்த கால் பந்தை நினைத்த இடத்துக்கு அனுப்பாது. தேயிலைப் பெட்டிப் பலகையில் மலிவாக அடித்துத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வேண்டாம். நம் பனிமூட்டத்தில் அது ஒரு மழைக்காலத்திலேயே வயிறு தள்ளிவிடும். வாங்கியதை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடவும் கூடாது.

ஆட்டத்துக்கு வருகிறேன். கம்பியைச் சக்கரம்போல் சுற்றுகிறவன் ஆட்டக்காரனில்லை. நீ அழகாகச் சொல்வாய்: "கோழி கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்காதடா. குஞ்சப் புடிக்கிற மாதிரி புடி." உண்மை. பிடி தளர்ந்திருந்தால்தான் மணிக்கட்டு வேலை செய்யும். வருகிற பந்தை வந்த வேகத்தில் அடிக்காமல், காலுக்கடியில் நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும். பின்னால் நிற்பவன் கோல் பொம்மையையும் காவல் பொம்மைகளையும் ஒரே கோட்டில் வைக்கக் கூடாது. ஒன்று மறைக்காத இடத்தை மற்றது மறைக்க வேண்டும். பந்தைப் பார்க்காமல் எதிராளியின் கம்பியைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நான் ஆடி ஆடிக் கண்டது. "நீ கோல்ல நின்னா பூச்சி கூட உள்ள போவாதுடா" என்று நீயே எல்லோர் முன்னாலும் சொன்னாய்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது ஒன்று இருக்கிறது. பின்னால் நிற்பவன் பந்தை அடிக்கும்போது, முன்னால் நிற்பவன் கம்பியைத் திருகித் தன் பொம்மைகளின் கால்களைத் தூக்கி வழிவிட வேண்டும். தூக்காவிட்டால் பந்து சொந்த ஆளின் காலிலேயே பட்டுத் திரும்பும். திரும்புகிற பந்து நேரே எதிராளியின் அடிக்கிற வரிசைக்குப் போகும். பின்னால் நிற்பவனுக்குக் கம்பியைச் சரிசெய்ய நேரம் இருக்காது. கோல் விழும். பார்க்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் அவன் விட்டான் என்பதுதான்.

அதற்காகத்தான் நான் "கால்!" என்று குரல் கொடுப்பேன். நீ சிரிப்பாய். "மெதுவா கத்துடா. கால தூக்கு, கால தூக்குன்னா பாக்குறவங்க என்னைய நாய்னு நெனச்சுக்குவாங்க." ஆனால் தூக்குவாய். பிறகு நான் குரல் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மூச்சை வைத்தே உனக்குத் தெரிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க, பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த ஜோடிகள் ஒன்றும் நம்மை ஜெயிக்கவில்லை.

பிறகு துரைமாருக்கும் ஸ்டாப்புக்கும் ஆட்டம் என்று ஏற்பாடாயிற்று. அப்போதைய பெரிய கிளாக்கர் ஓய்வுபெறும் சமயம். அந்த இடத்துக்கு நீயும் கேட்டிருந்தாய், நானும் கேட்டிருந்தேன். யாருக்குக் கிடைத்தாலும் சரி என்று நாம் பேசிக்கொண்டது பொய்யில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். என் பக்கத்தில் பொய்யில்லை.

தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, அந்த வேலையைக் கொடுக்கிறவர், முன்னால் நின்றார். அவருக்குக் கீழிருந்த சின்ன துரை பின்னால். நீ சின்ன துரையின் கோலுக்குள் அடித்து வெளுத்து வாங்கினாய், கிளப்பே கைதட்டியது. நான் அடித்த பந்துகள்? முதல் பந்து உன் நடு வரிசையில் பட்டுத் திரும்பியது. பெரிய துரை தட்டினார், கோல். தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்ததும் அப்படியே. "கால்!" என்றேன். நீ திரும்பவில்லை. உன் பொம்மைகள் சுவர்போல் நின்றன. குனிந்து உன் கையைப் பார்த்தேன். கம்பியை நீ இறுக்கிப் பிடித்திருந்தாய், விரல் மூட்டு வெளுக்க. அப்போது புரிந்தது.

அடிக்காமலே தடுத்துப் பார்த்தேன். எத்தனை நேரம் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பது? ஒன்பதுக்கு ஒன்பது. கடைசிப் பந்தும் உன் காலில் பட்டுத்தான் திரும்பியது.

பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கோல்ல ஆளு நின்னுச்சா, இல்ல கதவத் தொறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிருச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பெரிய துரை உனக்குக் கைகொடுத்து இங்கிலீஷில் பாராட்டினார். ஸ்டாப்போடு அவர் இங்கிலீஷில்தான் பேசுவார். தமிழ், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூலியாட்களை அதட்ட. என் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னார்: "என்னா மேன், நீ தூங்குது?"

படித்து, கோட்டு மாட்டி, லயத்திலிருந்து மேலே ஏறி வந்த தூரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் நான் திரும்பக் கீழே இறங்கினேன். உனக்கு அது புரிந்திருக்கும். அங்கே அது புரியக்கூடிய ஒரே ஆள் நீதான்.

பேக்டரி ரோட்டில் உன்னை நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்டா கால தூக்கல?"

"மறந்துட்டேன்டா."

"ஒரு தடவ மறப்ப. ஆட்டம் பூராவுமா?"

"வெளாட்டுடா இது. இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு..."

"அப்ப கிளப்புக்குள்ள வந்து சொல்லு. டீமேக்கர்கிட்ட சொல்லு, என் காலுல பட்டுத்தான் திரும்புச்சுன்னு."

நீ சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு, "குளுருது, வா போவோம்" என்றாய். நான் வரவில்லை.

பெரிய கிளாக்கர் வேலை உனக்குக் கிடைத்தது. எனக்கு 'தொறந்த கதவு' என்ற பெயர் கிடைத்தது. கணக்கில் ஒரு பிழை வந்தாலும், "கதவு தொறந்துருந்துச்சு போல" என்பார்கள். அந்தப் பேச்சு அடங்கட்டும் என்று உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றலாகிப் போனேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. புதுத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் முதல் நாளே கேட்டார்: "அந்தக் கதவு நீங்கதானா?" அதன்பிறகு எந்த மேசையிலும் நான் கம்பி பிடிக்கவில்லை. யாருக்கும் பின்னால் நிற்கவும் இல்லை. வேலையிலும் சரி, வீட்டுக் காரியத்திலும் சரி, இன்னொருவன் வழிவிடுவான் என்று நம்பி நான் ஒன்றும் செய்வதில்லை. நல்ல பழக்கம் என்கிறார்கள். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஹட்டன் ஸ்டேஷனில். தொப்பை போட்டிருந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். நான் அதையே கேட்டேன். வேறு என்ன கேட்பது?

கோப்பையைப் பார்த்தபடி சொன்னாய்: "எங்கப்பா அப்ப லயத்துலதான்டா இருந்தாரு."

"எங்கப்பா எங்க, பங்களாவுலயா இருந்தாரு?"

ரயில் வந்தது. ஏறிக்கொண்டாய்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. உன் வீட்டார் நேரத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். குறை அவர்கள்மேல் இல்லை. செத்தவனை மன்னித்துவிட வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். செத்தது உன் வசதி. அதனால் என் பக்கத்தில் எதுவும் மாறவில்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லாமலே விட்டேன். துரையிடம் தோற்க வேண்டும் என்று நீ முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தால் நானும் தோற்றிருப்பேன். முறைத்திருப்பேன், திட்டியிருப்பேன், ஆனால் தோற்றிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து தோற்றுவிட்டு, அதே ரோட்டில் துரையை நக்கல் பண்ணிக்கொண்டு நடந்திருப்போம். நீ ஏன் சொல்லவில்லை என்று வருஷக்கணக்காக யோசித்தேன். சேர்ந்து தோற்றால் துரையின் சந்தோஷத்தில் எனக்கும் பாதி வந்திருக்கும். நீ நன்றாக ஆட வேண்டும், நம் பக்கம் தோற்கவும் வேண்டும். அதற்கு ஒருவன் தூங்கியாக வேண்டும். வேலைக்குக் கேட்டிருந்த மற்றவன் தூங்கினால் இன்னும் நல்லது.

இத்தனைக்கும் பிறகு நான் சுமப்பது கோபத்தை மட்டும் என்றால் லேசாக இருந்திருக்கும். நான் வாய் திறக்குமுன் உன் கால்கள் உயர்ந்து, என் பந்து ஒன்றிலும் படாமல் அந்த நீளம் முழுக்கப் போய் விழுமே, அந்தச் சத்தத்தையும் சேர்த்துச் சுமக்கிறேன். அப்படி ஒருவன் எனக்கு வழிவிட்டது அந்த ஒரு மழைக்காலம்தான். அதையும் கெடுத்தது நீதான்.

இதை இப்படியே கிளப்புக்கு அனுப்புகிறேன். புது மேசை வந்ததும் இரண்டு பேர் நிற்கட்டும். பின்னால் நிற்பவன் அடிக்கட்டும், முன்னால் நிற்பவன் கால் தூக்காமல் இருக்கட்டும். பந்து எங்கே திரும்புகிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும். அதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டாம். யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகாது, தெரியட்டும். ஆனால் சட்டம் போட்டு மாட்டுவதாகச் சொல்கிறார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில், உன் ஜோடி என்று, என் பெயர் தொங்க வேண்டாம். கையெழுத்துப் போடாமல் நாளைக்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.