மாடி ஏறாத கமிட்டி மெம்பரின் ஆட்சேபணை

அனுப்புபவர்:
பவுனம்மாள்,
சாக்குத் தைக்கும் கூலி,
ஆற்றோர அரிசி மில் பாரக்கு, அலோன், ரங்கூன்.

பெறுபவர்:
கனம் சுகாதார அதிகாரி அவர்கள்,
முனிசிபல் ஆபீஸ், ரங்கூன்.

விஷயம்: அலோன் மில்லின் குழந்தைக் கொட்டகையை இடிக்க நான் சம்மதித்ததாகச் சொல்லும் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்யக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

நான் பேசாத பேச்சு ஒன்று என் பெயரில் தங்கள் மேஜையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் பேசுவதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி மிகவும் பணிந்து எழுதிக்கொள்கிறேன்.

1. நான் ஆதிதிராவிட ஜாதி. அலோன் மில்லில் ஒன்பது வருஷமாகச் சாக்குத் தைக்கிறேன். அங்கே நாங்கள் எண்பத்துமூன்று பெண்கள். 1924-ஆம் வருஷம் ரத்தினம்மாள் என்பவள் தன் ஐந்து மாதப் பிள்ளையை மூட்டை அடுக்கின் நிழலில் கிடத்தியிருந்தபோது அடுக்கு சரிந்தது. பதினேழு மூட்டைகளை எடுத்த பிறகே பிள்ளையைப் பார்த்தோம். உயிர் இல்லை. மறுநாள் நாங்கள் ஒருத்தியும் ஊசியைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் மில்லார் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கு அதில் இருபத்தாறு தூளிகள் தொங்குகின்றன. மா தின் என்கிற பர்மியப் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் முறை வைத்துப் போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம்.

2. இதைக் கேள்விப்பட்டு ரங்கூன் இந்திய மாதர் உதவிக் கமிட்டியார் போன வருஷம் நாங்கள் குடியிருக்கும் பாரக்குக்கு வந்தார்கள். எனக்கு மாலை போட்டு, கூலிப் பெண்களின் தலைவி என்று சொல்லிக் கமிட்டியில் மெம்பராகச் சேர்த்தார்கள். போட்டோவும் பிடித்தார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஐயா. மறைப்பானேன்? எங்கள் ஜாதியில், அதிலும் ஒரு பெண்பிள்ளைக்கு, யார் இதற்கு முன் நாற்காலி கொடுத்தார்கள்?

3. அந்த நாற்காலியை நான் இதுவரை பார்க்கவில்லை. கமிட்டி கூடுவது அவர்கள் கட்டிடத்தின் மாடியில். நவம்பர் மாதம் போனபோது, காலில் சேறு இருக்கிறது, கீழேயே இரு என்று வாசல் காக்கும் தர்வான் சொன்னான். கழுவிக்கொண்டு வந்தேன், அதற்குள் கூட்டம் ஆரம்பித்துவிட்டது என்றான். டிசம்பரில் சேறு இல்லை. மேலே அம்மாமார் தேநீர் சாப்பிடுகிறார்கள், முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்றான். ஜனவரியில் காரணமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று கூட்டத்துக்கும் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் காலிப் பால் டப்பாவில் தேநீர் ஊற்றி அனுப்பினார்கள், குடித்தேன். பிறகு அனுப்பியதைத் தொடவில்லை. அந்த ஜனவரிக் கூட்டத்தில் ஓர் அம்மாள், நம் கறுத்த சகோதரிகளைக் கைதூக்கிவிட வேண்டும் என்று வெகு நேரம் பிரசங்கம் செய்தார். கறுத்த சகோதரி கீழே இருந்து முழுவதையும் கேட்டாள்.

4. ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் காரியதரிசி கமலாட்சி அம்மாள் புஸ்தகத்தோடு கீழே வந்து, வந்ததற்கு அடையாளமாக என்னிடம் கைநாட்டு வாங்கினார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுதிய தாளுக்கும் எழுதாத தாளுக்கும் வித்தியாசம் தெரியும். ஜனவரியில் நான் கைநாட்டு வைத்த இடத்துக்கு மேலே முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் புத்திகெட்டதனம்.

5. இப்போது அதே பக்கத்தில், மில் கொட்டகையை இடித்து நெல் அடுக்க இடம் விடலாம், குழந்தைகளை இன்சீனில் நல்ல காற்றுள்ள வீட்டில் வைக்கலாம், கூலிப் பெண்கள் சார்பில் பவுனம்மாளுக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் இருக்கிறது. அதைத் தங்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கமிட்டி அச்சடித்த ரிப்போர்ட்டில், என் கைநாட்டோடு கூடிய ஜனவரித் தீர்மானம் என்று இது இருப்பதைப் படித்துச் சொன்னவர் மிஷன் பள்ளி வாத்தியார் தேவநேசன். ஐயா, ரயிலேறிப் போகும் தூரத்தில் பிள்ளையை வைத்துவிட்டு எந்தத் தாய் முறை வைத்துப் பால் கொடுப்பாள்? பிள்ளை இன்சீனில், பால் அலோனில். இதை யோசித்த ஆள் பிள்ளை பெற்றவராக இருக்க முடியாது, அல்லது நெல்லைப் பற்றி மட்டும் யோசித்தவராக இருக்க வேண்டும்.

6. கமலாட்சி அம்மாளின் புருஷர் நல்லையா எங்கள் மில்லின் தலைமை மேஸ்திரி. ஆள் பிடிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். இந்த வருஷம் நெல் வரத்து அதிகம், கிடங்கு போதவில்லை என்று ஜனவரி முதல் வாரமே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கமிட்டி கூடியது அந்த மாதம் மூன்றாம் வாரம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன். மாலை போட்டதும் இதற்குத்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் எண்பத்துமூன்று பேரையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

7. இந்த மனுவை எழுதுகிறவரும் தேவநேசன் வாத்தியார்தான். நல்லவர். ஆனாலும் நான் பட்டது போதும் என்பதால், அவர் எழுதியதை அவருக்கு உறவில்லாத நூருன்னிசா என்கிற, எழுத்துத் தெரிந்த மில் பெண்ணை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தரமும் ஒன்றாகவே இருந்தது. கைநாட்டுக்கு மேலே ஒரு விரல் இடம்கூட விடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். தங்கள் ஆபீஸார் பேரிலும் எனக்குச் சந்தேகம் உண்டு என்று எழுதச் சொன்னபோது வாத்தியார் வேண்டாம் என்றார். இருக்கட்டும், எழுதுங்கள் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு எழுதினார்.

8. கொட்டகையை 21-ந் தேதி திங்கட்கிழமை இடிக்கப்போவதாக மில்லில் சொல்லிவிட்டார்கள். ஆகவே தாங்கள் தயவுசெய்து அதற்கு முன்பாக ஒரு நாள், பால் கொடுக்கும் வேளையில், நேரில் வந்து பார்க்க வேண்டும். வருவதை மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். என் பெயருக்கு எதிரே உள்ளதை அடித்துவிட்டு, பவுனம்மாளுக்கு ஆட்சேபணை உண்டு என்று எழுத உத்தரவிட வேண்டும். மெம்பர் பதவியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு உதவி செய்ய நினைக்கிறவர்கள் பாரக்குக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, எல்லாரையும் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு போகட்டும்.

9. கடைசியாக ஒன்று. ரிப்போர்ட்டு விஷயம் பாரக்கில் பரவிய நாள் முதல் என்னோடு யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நாற்காலிக்காகப் பிள்ளைகளை விற்றுவிட்டேன் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ரத்தினம்மாள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மற்ற எதையும் தாங்கிக்கொள்வேன், ஐயா, இதைத் தாங்க முடியவில்லை. இந்த மனுவுக்குக் கைநாட்டுக் கேட்டு எண்பத்திரண்டு பேரிடமும் போனேன். பதினோரு பேர் வைத்தார்கள். மற்றவர்கள் கொட்டகை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் வைத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்,
பவுனம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)
உடன் கைநாட்டு வைத்தவர்கள்: பதினோரு பேர்
எழுதியவர்: தேவநேசன்
படித்துக் காட்டியவர்: நூருன்னிசா

இடம்: அலோன், ரங்கூன்
தேதி: 1927-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி