இருபத்து நாலு பேர் பேண்டு

தாராவி, பம்பாய்
12-3-1949

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி மாசானம் வணங்கி எழுதுவது. இங்கே நான், பூமாரி, கல்யாணப் பெண் கனகவள்ளி மூவரும் சுகம். நீயும் மருமகன் பூதத்தானும் சுகமென்று நாலு வரி எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நாள் குறித்தாகிவிட்டது. வைகாசி இருபது, வியாழக்கிழமை. கனகவள்ளி பிறந்த அன்றே அவளை உன் மகனுக்கென்று சொல்லி வைத்தவள் நீ. கல்யாணம் பெண் வீட்டில்தான் என்று சொன்னவளும் நீ. அதனால் தாராவியில் என் வாசலிலேயே பந்தல் போடுகிறேன். தாலி கட்டும்போது வாசிக்க மாட்டுங்காவிலிருந்து நாயனக்காரர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து அழைத்து வருகிற ஊர்வலத்துக்கு இந்த ஊரில் பேண்டு வைப்பதுதான் வழக்கம். எட்டுப் பேர் பேண்டு போதுமென்று நினைக்கிறேன். எங்கள் சந்தில் எட்டுப் பேர் ஊதினால் அடுத்த சந்தில் உறங்குகிற பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும்.

நீ மருமகனோடு பத்து நாள் முன்னதாகவே ரயில் ஏறிவிடு. வரும்போது கருப்பட்டி கொண்டு வா. நான் கடையில் விற்கிற கருப்பட்டியை நானே தின்பதில்லை.

உன் தம்பி
மாசானம்

---

உடன்குடி
21-3-1949

தம்பி மாசானத்துக்கு அக்காள் ஆவுடையம்மாளின் ஆசி.

கடிதம் கிடைத்தது. நாள் நல்ல நாள். நான் வரவில்லை. பூதத்தானை அவன் பெரியப்பா மகனோடு அனுப்புகிறேன். இரண்டு ஆடும் ஒரு பசுவும் இருக்கின்றன. நான் ரயில் ஏறிவிட்டால் அவற்றை யார் பார்ப்பது? இதற்குமேல் காரணம் கேட்காதே.

எட்டுப் பேர் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? எட்டுப் பேர் இழவு வீட்டுக்கே வந்து ஊதுகிறார்கள். போன மாதம் மேலத்தெரு எண்ணெய்க் கடைக்காரர் பேரன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து பதினாறு பேர் வந்தார்கள். அந்த வீட்டம்மாள் இன்றுவரை வாயை மூடவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என்னை நிறுத்தி, "ஒம் மவன் கல்யாணத்துக்குப் பம்பாயில எத்தன பேரு ஊதப் போறாவ?" என்று கேட்டாள். இருபத்து நாலு என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

கருப்பட்டி அனுப்புகிறேன்.

ஆவுடையம்மாள்

---

தாராவி
2-4-1949

அன்புள்ள அக்காளுக்கு,

நீ மேலத்தெருவில் விட்ட சவடாலுக்காக நான் கடையைப் பூட்டிக்கொண்டு தாதருக்குப் போய்வந்தேன். அங்கே யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் சேர்ந்து ஒரு பேண்டு நடத்துகிறார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம். மாஸ்டர் கோவாக்காரர். எட்டு, பன்னிரண்டு, இருபத்து நாலு என்று மூன்று அளவில் ஆள் தருகிறார்கள். இருபத்து நாலு கேட்டால்தான் பெரிய டிரம் வரும். அதை அடிக்கிறவரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. டிரம்முக்குக் கால் முளைத்து நடப்பது போலத்தான் இருந்தது.

மாஸ்டர் சந்தைப் பார்க்க என்னோடு வந்தார். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். இரண்டு சுவரும் விரலில் பட்டன. "சேட், பாரா ஆத்மி, பஸ்" என்றார். பன்னிரண்டு பேருக்குமேல் ஆகாது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். இருபத்து நாலு பேரை இந்தச் சந்தில் விட்டால், பேண்டின் தலை என் வாசலில் நிற்கும்போது மாப்பிள்ளை கோயிலிலேயே நின்றுகொண்டிருப்பான்.

பன்னிரண்டு என்று முடிவு செய்துகொள்வோம். ஆட்டையும் பசுவையும் உன் கொழுந்தன் வீட்டில் கட்டிவிட்டு வா. "மதினி வராம இது என்ன கல்யாணம்? எனக்கு ஒண்ணுமே ஓடல" என்று பூமாரி தினமும் ஒருமுறையாவது சொல்கிறாள்.

மாசானம்

---

உடன்குடி
11-4-1949

தம்பி மாசானத்துக்கு,

ஆட்டுக்காக இல்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கொழுந்தன் வீட்டில் கட்டு என்று எழுதுகிறாய். சரி, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

உன் அத்தான் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு இடம் அடுப்படிக்குப் பின்னால்தான். மாப்பிள்ளை புறப்படுகிற நேரத்தில் நான் எதிரே வந்துவிடக் கூடாது என்று என்னைப் பார்த்துக்கொள்ளவே ஒருத்தி நிற்பாள். ஊரார் கல்யாணத்தில் அதைப் பொறுத்துக்கொண்டேன். பெற்ற மகன் தாலி கட்டுகிற மேளம் கேட்கும்போது அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து அரிவாள்மனையைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதற்கு நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

அதனால்தான் பேண்டு பெரிதாக வேண்டும் என்கிறேன். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாயும் வரவில்லை. இரண்டு பேர் இல்லாத குறையை மூடுகிற மாதிரி சத்தம் வேண்டாமா? பன்னிரண்டு பேரால் அது ஆகுமா என்று நீயே சொல்.

அந்த மாஸ்டர் கையை விரித்தால் சுவரில் படுகிறதென்றால், கையை மடக்கிக்கொண்டு ஊதச் சொல்.

ஆவுடையம்மாள்

---

தாராவி
20-4-1949

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்தது. படித்துவிட்டு, உளுந்து கேட்டவருக்குப் பயறு கட்டிக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து சத்தம் போட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் பயறையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. நீ வந்தால் இருபத்து நாலு பேர் பேண்டு. பெரிய டிரம்மும் உண்டு, சந்து எப்படியும் போகட்டும். நீ வராவிட்டால் ஒரு பீப்பிகூடக் கிடையாது. உன் மகன் கோயிலிலிருந்து என் வாசலுக்கு, பால் வாங்கப் போனவன் திரும்புகிற மாதிரி, சத்தமில்லாமல் நடந்து வருவான். இந்தச் செய்தியை மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு கார்டாகப் போட்டு நானே தெரிவிப்பேன். எண்ணெய்க் கடைக்காரர் வீட்டுக்கு முதல் கார்டு.

யோசித்து எழுது.

மாசானம்

---

உடன்குடி
28-4-1949

மாசானம்,

நீ சின்ன வயதிலும் இப்படித்தான். கேட்டது கிடைக்காவிட்டால் நடுத்தெருவில் உருளுவாய். அம்மா இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

வருகிறேன். ஆனால் நான் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். ஊர்வலத்தில் எல்லோருக்கும் கடைசியில் வருவேன். மணவறைப் பக்கம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது, பூமாரியிடமும் சொல்லி வை. என்னால் உன் மகளுக்கு ஒரு சொல் வரக் கூடாது. நாளைக்கு அவளுக்குத் தலை வலித்தால்கூட, அன்றைக்கு அந்தக் கிழவி எதிரே வந்தாளே என்பார்கள்.

இருபத்து நாலில் ஒருத்தன் குறைந்தாலும் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். எண்ணிப் பார்ப்பேன்.

ஆவுடையம்மாள்

---

உடன்குடி
20-6-1949

தம்பி மாசானத்துக்கு,

பிள்ளைகளோடு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கனகவள்ளி நல்ல பெண். வந்த மறுநாளே கோழி கூப்பிட எழுந்துவிட்டாள். ஆட்டைக் கண்டால்தான் பயம். கிட்டே வந்தால், "ஏ, ஹட்! சல், சல்!" என்று இந்தியில் அதட்டுகிறாள். என் பேச்சை ஒரு நாளும் கேட்காத ஆடு அவள் பேச்சைக் கேட்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. புறப்படும்வரை நீயும் சிரித்துச் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாய். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படி.

நான் சொன்னபடிதான் எல்லாம் தொடங்கியது. கோயிலிலிருந்து பேண்டு முன்னால் போயிற்று. அதன் பின்னால் பூதத்தான், ஆண்கள், பெண்கள், கடைசியில் நான். பேண்டுக்காரர்கள் இரண்டிரண்டு பேராகச் சந்துக்குள் நுழைந்தார்கள். பாதிப் பேர் டீக்கடைத் திருப்பத்தைத் தாண்டியபின் நடுவில் வந்த பெரிய டிரம், கடைத் தூணுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. முன்னால் போன பாதிக்கு இது தெரியாது. அவர்கள் ஊதிக்கொண்டே உன் வாசலுக்குப் போய்விட்டார்கள். பேண்டு வந்துவிட்டதே, பின்னால் மாப்பிள்ளை வருவான் என்று பூமாரி அவசரமாக ஓடிவந்து அந்தக் கோவாக்காரருக்கு ஆரத்தி சுற்றிவிட்டாள். அவரும் நெற்றியைக் காட்டிப் பொட்டு வைத்துக்கொண்டாராம்.

இங்கே முகூர்த்த நேரம் நெருங்குகிறது. பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டுமென்று நீ கத்தினாய். ஒருவரை ஒருவர் தாண்ட அந்தச் சந்தில் இடம் கிடையாது. பின்பாதிப் பேண்டில் இருந்த பட்டாளத்து ஆள் ஒருவன் "எபவுட் டர்ன்!" என்று ஒரு சத்தம் போட்டான். பேண்டு திரும்பியது. பூதத்தான் திரும்பினான். ஆண்கள் திரும்பினார்கள், பெண்கள் திரும்பினார்கள். எல்லோரும் திரும்பி முடித்தபோது ஊர்வலத்துக்கு முன்னால் நின்றது யார்? வெள்ளைச் சேலையோடு நான்.

ஒதுங்கலாமென்றால் இடம் ஏது? இரண்டு பக்கமும் சுவர். பின்னால் அத்தனை பேர் ஊதி நெருக்குகிறார்கள். நடக்காமல் நான் என்ன செய்வேன்? சந்து முனை, பெரிய ரோடு, உன் வாசல் வரைக்கும் நான் முன்னால் நடந்தேன், என் மகன் என் பின்னால் வந்தான். பந்தலில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பூமாரிதான் ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "மொதல்ல நீங்க வாங்க மதினி, பொறவு அவன் வரட்டும்" என்றாள். அவள் பிடித்த கையை மணவறை வரைக்கும் விடவில்லை. பூதத்தானுக்குத் தாலி முடிச்சு உடனே விழவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இத்தனைக்கும் அந்த டிரம்தான் காரணம். இல்லை, நீதான் காரணம். வேண்டுமென்றே சிக்குகிற டிரம்மாகப் பார்த்துப் பிடித்தாயா? பிள்ளையார் மேல் ஆணையாக உண்மையை எழுது.

மேலத்தெரு அம்மாளிடம், இருபத்து நாலு பேரும் இரண்டு திசையிலிருந்து வேறு வேறு பாட்டு ஊதிக்கொண்டு வந்தார்கள் என்று சொன்னேன். பம்பாயில் அப்படித்தான் வழக்கமா என்று கேட்டாள். பெரிய இடங்களில் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆவுடையம்மாள்

---

தாராவி
29-6-1949

அன்புள்ள அக்காளுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பந்தல் போட்ட இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர். கனகவள்ளி இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நானும் பூமாரியும் சண்டை போட்டுத்தான் பொழுதைப் போக்குகிறோம். மகள் ஆட்டை அதட்டுகிற கதையைப் படித்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு பூமாரி கொஞ்சம் அழுதாள்.

பிள்ளையார் மேல் ஆணை, டிரம் சிக்கியதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிக்குமென்று தெரிந்திருந்தால் டீக்கடைக்காரரின் பகையைத் தேடிக்கொள்வேனா? டிரம்மை வெளியே எடுக்க அவர் கடைத் தூணைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. இன்றுவரை எனக்கு மட்டும் ஆறிப்போன டீதான் கொடுக்கிறார். நான் செய்த தப்பு, மாஸ்டர் சொன்ன அளவைக் கேட்காமல் நீ சொன்ன அளவைக் கேட்டது மட்டும்தான். அதை மறுபடியும் செய்வேன்.

ஒதுங்க இடம் ஏது என்று எழுதியிருக்கிறாய். நம் கடையின் பின்கதவு அந்தச் சந்தில்தான் இருக்கிறது, அக்கா. பத்து நாள் அந்த வழியாகத்தான் நீ தண்ணீர் கொண்டு வந்தாய். ஊர்வலம் திரும்பி வரும்போது அந்தக் கதவு விரியத் திறந்திருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாள் நம் கடைப் படியில் நின்று, "உள்ள வந்து நில்லுங்க, மாப்பிள்ள போவட்டும்" என்று உன்னைக் கூப்பிட்டதை நானே கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாய். பூமாரியிடம்கூட இதை நான் சொல்லவில்லை. பேண்டுச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை என்றால் அப்படியே எழுதிவிடு, நான் நம்பிக்கொள்கிறேன்.

மாசானம்

---

உடன்குடி
8-7-1949

தம்பி மாசானத்துக்கு,

கார்டில் எழுதினால் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் கவரில் எழுதுகிறேன். நீயும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

கதவைப் பார்த்தேன். அந்த அம்மாள் கூப்பிட்டதும் கேட்டது. உள்ளே வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடமும் இருந்தது.

என் மகன் கல்யாணத்தில் நான் ஏன் கடைக்குள் போய் நிற்க வேண்டும்?

அக்காள்
ஆவுடையம்மாள்