தைல வழக்கில் விடுபட்டவன்

வற்றாச் சுனைகளும் வளங்குன்றா மலைச்சாரலும் உடைய ஈரக்கோட்டு நாட்டின் அமைச்சர் மாறங்காரி, முத்தந்துறை நாட்டை அறம் வழுவாது ஆளும் திருவுடையார் கடலரையர் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடி தழைக்க; தங்கள் கலங்கள் கரை காண்க.

தாங்கள் அனுப்பிய தைல வினைஞன் பரிதிமாலன் உயிரோடு இருக்கின்றானா என வினவியிருந்தீர்கள். இருக்கின்றான். நிகழ்ந்ததைக் கேட்டருள்க.

இலையையும் மலரையும் வாலை என்னும் வடிகலத்திலிட்டு வடித்த தைலங்களோடு அவன் வந்த நாள்தொட்டு, எம் அரண்மனை மருத்துவர் அல்லியங்கோதையாருக்கும் அவனுக்கும் ஓயாத வாது. மலரிலும் இலையிலும் பிறந்தது எவர்க்கும் தீங்கு செய்யாது என்பது அவன் கட்சி. ஒரு கூடை இலையின் வீரியத்தைச் சிமிழுக்குள் அடைத்தபின் அது இலையன்று, நெருப்பு என்பதும், நல்லெண்ணெயில் முறைப்படி காய்ச்சிய தம் தைலங்களே உடலுக்கு ஏற்றவை என்பதும் அம்மையார் கட்சி. அவை கூடுந்தோறும் இதுவே பேச்சு. மன்னர்க்குச் சலித்தது, அமைச்சராகிய எமக்கோ செவியே மரத்துப்போனது.

அந்நாளில் பால்மணம் மாறா இளவரசிக்குச் சளி கட்டியது. செவிலி அம்மழலையின் மூக்கில் ஒரு துளி தைலம் இட, குழந்தை மூச்சடைத்து நீலம் பாரித்தது. ஓடிவந்த அம்மையார் மூக்கையும் வாயையும் துடைத்து, முற்றத்துக்கு ஏந்திச் சென்று, தம் வாயால் மூச்சு ஊதினார். குழந்தை அழுதது. அதுவரை நின்றிருந்த மன்னர் தரையில் அமர்ந்துவிட்டார்.

எழுந்தபோது அவர் சினமெல்லாம் பரிதிமாலன்மேல் பாய்ந்தது. விசாரியாமலே கொலைத்தண்டம் விதித்தார். தகும் தகும் என்றது அவை. வாது ஒழிந்ததே என்று யாமும் தடுக்கவில்லை.

அம்மையார் மட்டும் துடைத்த துணியை முகர்ந்து முகர்ந்து நின்றார். வாய் திறவாதிருந்தால் வெற்றி அவருடையதே. ஆயினும் முன்வந்து, அரசே, அவனை விடுக; இது கடல் கடந்து வந்ததன்று, என் கையால் காய்ச்சிய கற்பூரத் தைலம்; பெரியோர் மார்பில் தடவத் தந்தேன், பச்சிளங்குழந்தைக்கு ஆகாது என்று செவிலியிடம் சொல்லாதது என் பிழை; தண்டம் எனக்கே உரியது என்றார்.

கட்டுண்டு நின்ற பரிதிமாலன் விம்மினான். என் புதினாத் தைலத்தை இட்டிருந்தாலும் இதே கதிதான் நேர்ந்திருக்கும், தாயே. தீங்கில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நானன்றோ என்றான்.

சினக்கவும் வலுவின்றி மன்னர் இருவரையும் விடுவித்தார். பதவி விலக விடை கேட்ட அம்மையாரிடம், என் மகளுக்கு மூச்சளித்தவரை எங்ஙனம் அனுப்புவேன் என்று மறுத்தார். இன்று இருவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து முன்போலவே வாதிடுகின்றனர். எது சிறந்தது என்பதை விடுத்து, எவர்க்கு, எவ்வளவு, எவ்வாறு என்று வாதிடுகின்றனர்.

ஆதலின் எம் மன்னர் ஆணை இது: உள்நாட்டதாயினும் அயல்நாட்டதாயினும், பால்குடி மழலையின் மூக்கிலும் வாயிலும் எத்தைலமும் இடலாகாது. தைலம் தருவோர் அது எவர்க்கு ஆகாது என்பதையும் சொல்லியே தருக.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி வரும் தைலக் குடங்களோடு அவற்றின் புகழ் எழுத வேண்டா. அவை செய்யக்கூடிய கேட்டை எழுதி அனுப்புக. புகழ் கேட்க இங்கு எவர்க்கும் தெம்பில்லை.

இரட்டைமலை இலச்சினை பொறித்து விடுத்தோம். தங்கள் மனையில் மழலைக் குரல் ஓயாதிருக்க.